கூட்டு மேசைச் சிறைவாசம்

நவம்பர் 24, திங்கள்

இன்று முதல் வானத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதியைப் பெரிய மனது பண்ணித் தமயந்தியிடம் விட்டிருக்கிறேன்.

சூசை மச்சாடோ ஆகிய நான் கொண்டல் ஏர் கம்பெனியில் காலம் தள்ளியதெல்லாம் விமானக் கட்டுப்பாட்டு டவரில் உட்கார்ந்திருப்பவர்களைப் போனில் திட்டித்தான். என் குரல் கேட்டால் ரேடாரில் புள்ளிகள் எழுந்து நிற்கும் என்பார்கள். யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் சட்டென்று பெயர் நினைவுக்கு வரவில்லை. விமானம் தாமதமானால் பயணிகளிடம் சொல்ல எங்களுக்கு ஒரே மந்திரம்தான் உண்டு: "டவர் விடலை." டயர் வெடித்தாலும் டவர் விடலை. பைலட் அசந்து தூங்கிவிட்டாலும் டவர் விடலை. சாம்பார் கொதிக்காததால் நின்றுபோன விமானத்துக்குக்கூட அந்தப் பழியை டவர்மேல் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது அந்த மந்திரத்துக்கு ஆபத்து. கம்பெனிக்காரர்களும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று மேலே யாருக்கோ ஞானம் பிறந்திருக்கிறது. விமான நிலையத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேசை. அதன் நீளத்துக்கு ஒரு முனையில் இருப்பவர் தும்மினால் மறுமுனைக்கு அடுத்த வாரம்தான் கேட்கும். அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அதிகாரி தமயந்தி. இந்தப் பக்கம் நான். பக்கத்தில் எங்கள் போட்டிக் கம்பெனியான ராஜாளி ஏர் அனுப்பிய வரதன்.

தமயந்தி விதிகளைச் சொன்னார். மழை, புயல் என்று நெருக்கடி வந்தால் எத்தனை விமானம் கிளம்ப முடியும் என்பதை அவர் சொல்வார். கிளம்பும் முறைக்கு ஸ்லாட் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனிக்கும் இத்தனை ஸ்லாட் என்று பிரித்துக் கொடுப்பார். அதில் எந்த விமானத்தை அனுப்புவது என்பது கம்பெனியின் பாடு. உபயோகப்படாத ஸ்லாட்டை ஒளித்து வைக்காமல் முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்வார்.

"இனிமே எது முன்னாடி, எது பின்னாடின்னு நான் சொல்ல மாட்டேன் சார். இத்தனை வருஷமா நீங்க கேட்ட அதிகாரம். வச்சுக்குங்க" என்றார்.

முடிசூட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை தூத்துக்குடியில் என் அக்கா பிலோமினாவின் மகள் ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். ஞாயிறன்று திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்கள் கோயிலில் மேளதாளக் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை டெரன்ஸ் வாஸ் கப்பல்காரன். கிறிஸ்துமஸுக்கு முன்பே அடுத்த கப்பல் ஏற வேண்டும், ஏறினால் ஒன்பது மாதம். ஆக, சனிக்கிழமையை விட்டால் மணமேடை அடுத்த வருடம்தான். தாய்மாமனாகிய நான் வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி விமானத்திலேயே போய் இறங்குகிறேன்.

புயல் சின்னம் என்று டிவியில் ஏதோ சொல்கிறார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. நோவா இருந்திருந்தால் பேழையை ரத்து செய்துவிட்டு நீர்மூழ்கிக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்.

காலையில் டெரன்ஸ் துபாயிலிருந்து வந்து இறங்கினான். மதியம் அவன் தூத்துக்குடி விமானம் ஏறியிருக்க வேண்டும். அது பெங்களூரிலிருந்தே வரவில்லை. அதற்குள் ஓடுபாதையை மூடிவிட்டார்கள். சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்பதால் என்னை மாற்ற வேண்டிய ஆளும் வரவில்லை. வரதனுக்கும் வரவில்லை. தமயந்திக்கும் வரவில்லை. மூவரும் இங்கேயே குடியிருப்பு.

டெரன்ஸ் போன் செய்தான். "மாமா, கிளாம்பாக்கத்துலேருந்து பஸ் ஓடுதாம். இப்பவே ஏறிட்டேன்னா நாளைக்கு ஊர்ல நிப்பேன்."

"பஸ்ஸா? ஏழு கடல் தாண்டி வந்த மாப்பிள்ளை, மடியில பையை வச்சுக்கிட்டு பஸ்ஸுல போய் இறங்குறதா? நம்ம தெருவுல ஒருத்தன் என்னை மதிப்பானா? வானம் என் கையில இருக்குப்பா. நீ உக்காரு."

சிரித்தான். "சரி மாமா. நீங்க சொன்னா சரி."

பத்து நிமிடத்தில் ஜெனிட்டா. "மாமா, அவியளப் பஸ்லயே ஏத்தி விட்ருங்களேன். எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஓடுபாதை மிதந்தாலும் உன் மாப்பிள்ளை பறந்துதாம்மா வருவான். நாலு மேகத்தை நானே கையால தள்ளிவிடுறேன்."

பெண்பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள்.

நவம்பர் 26, புதன்

மூடியே கிடக்கிறது. ஜன்னல் இல்லாததால் புயல் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்துப் பார்த்தால் மொத்த வங்கக் கடலும் எழுந்து நடந்து வந்து எங்கள் கதவைத் தட்டுகிறது. சாப்பாடு: பிஸ்கட். நேற்றும் பிஸ்கட். வரதன் விடும் குறட்டைக்குத் தனியாக ஒரு ஓடுபாதை வேண்டும்.

வெளிக்கதவு திறந்துதான் இருக்கிறது. போகத்தான் இடமில்லை.

நவம்பர் 27, வியாழன்

காலையில் மழை கொஞ்சம் விட்டது. தமயந்தி எல்லோருக்கும் ஸ்லாட் பிரித்தார். எனக்கு மூன்று வந்தது. இரண்டில் டெல்லியும் மும்பையும் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதைத் தூத்துக்குடிக்கு வைத்துக்கொண்டேன்.

"தூத்துக்குடி தயாரா சார்?"

"தயார்."

அந்த விமானம் இன்னும் பெங்களூரில் இருந்தது என்பது ஒரு சிறு விவரம். வந்துவிடும் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. நம்பிக்கைதானே மனிதனை மனிதனாக்குகிறது. இடத்தை விட்டால் வரதன் வாயில் போட்டுக்கொள்வான், திரும்பக் கிடைக்காது. எங்கள் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும்: காலி நாற்காலியில் துண்டு போட்டு வைப்பவன்தான் பிழைப்பான்.

"உங்களுது வரதன்?"

"தயார் மேடம்." அவனுடைய விமானம் எந்த ஊரில் கிடந்ததோ.

கொஞ்ச நேரத்தில் தமயந்தி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் என்கூட வாங்க."

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. மூன்று நாளில் நான் பார்த்த முதல் வெளிச்சம். ஓடுபாதை நன்றாகக் கழுவிவிட்ட கல்யாண மண்டபம்போல் பளபளவென்று கிடந்தது. அதில் ஒரு ஈ, காக்கை இல்லை. பக்கத்துப் பாதையில் விமானங்கள் வால் பிடித்து வரிசையாக நின்றன. எல்லாம் தங்கள் முறை வரட்டும் என்று காத்திருக்கின்றன. முன்னால் உள்ள முறைகள் எங்களுடையவை. அதில் போக ஆள் இல்லை.

"இப்ப வீணாப் போறது உங்க ஸ்லாட் சார். அடுத்தது வரதனோடது. அதுக்கடுத்ததும் அவரோடதுதான்." அவர் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. "உங்க அந்தமான் ஃப்ளைட் ரெடியாத்தானே நிக்குது? அதையாவது அனுப்பியிருக்கலாமே?"

அப்போதுதான் காபி குடிக்க வேண்டும் என்று எனக்கு நினைவு வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

மதியம் மறுபடி மழை. மூடிவிட்டார்கள்.

டெரன்ஸ் போன் செய்தான். செங்கல்பட்டுப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டதாம், பஸ்கள் சுற்றுவழியில் ஊர்கின்றனவாம். "பரவால்ல மாமா. நீங்கதான் இருக்கீங்களே."

நவம்பர் 28, வெள்ளி

பெங்களூர் விமானம் வந்தே விட்டது! அதிகாலை ஒரு மேக ஓட்டையைப் பார்த்து இறங்கியிருக்கிறது. வரதனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை.

பத்து மணிக்குத் தமயந்தி சொன்னார்: "சின்ன இடைவெளிதான் கிடைக்கும். அப்புறம் ஞாயித்துக்கிழமைதான் திறப்பாங்க. கொண்டல் ஏருக்கு ஒரு ஸ்லாட். ராஜாளிக்கு ரெண்டு."

ஒன்று. தயாராக இரண்டு விமானங்கள்: அந்தமான், தூத்துக்குடி.

வரதன் பக்கம் நாற்காலியை நகர்த்தினேன். "வரதா, தங்கமே, உனக்கு ரெண்டு இருக்கே. ஒண்ணை இந்த மாமனுக்குக் குடு. ஞாயித்துக்கிழமை ரெண்டாத் திருப்பித் தரேன்."

"நேத்து இல்லாத ப்ளேனைத் தயார், தயார்னு நாதஸ்வரம் வாசிச்சீங்களே சார். ஞாயித்துக்கிழமை நீங்க தரேங்கறதை நான் எந்தத் தைரியத்துல நம்புறது?"

"நீயும்தானே வாசிச்ச?"

"அதனாலதான் சொல்றேன். நமக்கு நம்மளைப் பத்தித் தெரியும்."

முடிவைச் சொல்ல அரைமணி அவகாசம் இருந்தது. கால் மரத்துவிட்டது என்று காரணம் சொல்லிப் பயணிகள் கூடத்துக்குப் போனேன். அந்தமான் போகிறவர்கள் செவ்வாயிலிருந்து அங்கேதான் கிடக்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருந்தார்கள். தடுப்புக் கம்பிகளில் சேலைகள் காய்ந்தன. நடுவில் யாருடைய குழந்தையையோ தோளில் சாய்த்துக்கொண்டு டெரன்ஸ் நடந்துகொண்டிருந்தான்.

"வாங்க மாமா! இவிய அம்மா கொஞ்சம் கண்ணசந்திருக்காவ. இது என் தோள்லதான் தூங்குவேங்கு." குரலைத் தாழ்த்தினான். "பாவம் மாமா இந்தச் சனம். நமக்காவது ரோடு இருக்கு. கப்பல்ல போலாமான்னு எங்கிட்ட விசாரிக்காவ. எனக்குத் தெரியும்லா, கடல் இருக்க இருப்புக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு எவனும் நங்கூரத்த எடுக்க மாட்டான். நம்ம ஃப்ளைட் எப்ப மாமா?"

"வருது" என்றேன்.

திரும்பி வந்து தமயந்தியிடம் சொன்னேன்: "அம்மா, நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க. எதுன்னாலும் சம்மதம்."

"மாட்டேன் சார்."

"ஒரே ஒரு தடவை. பழைய மாதிரி."

"பழைய மாதிரின்னா நான் முடிவெடுப்பேன், நீங்க என்னைத் திட்டுவீங்க. சுகமாத்தான் இருந்துச்சு." சிரித்தார், ஆனால் விடவில்லை. "எனக்கு அது ரெண்டும் ஸ்க்ரீன்ல ரெண்டு புள்ளி. உள்ள யார் இருக்காங்க, யார் காத்திருக்கலாம், யாருக்கு வேற வழி இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதுக்குத்தானே உங்களை இங்க உக்கார வச்சிருக்கு?"

அந்த அறையின் சுவர்கள் நாலும் ஓரடி உள்ளே வந்தன. மிகை இல்லை. வரதனைக் கேட்டாலும் சொல்வான்.

"அந்தமான்" என்றேன்.

"சரியாக் கேக்கலை சார்."

"அந்தமான்!"

டெரன்ஸுக்கு நானே போன் செய்து, கிளம்பு, எந்த வண்டி கிடைத்தாலும் ஏறு என்றேன். பின்னணியில் அந்தமான் விமானத்துக்கு அழைக்கும் அறிவிப்பும் நூற்றெண்பது பேர் ஒரே நேரத்தில் மூட்டையைத் தூக்கும் சத்தமும் கேட்டன. "சரி மாமா" என்றான். செவ்வாயன்று சிரித்த மாதிரி இப்போது சிரிக்கவில்லை.

அதன்பின் ஜெனிட்டா. "மாமா, அவிய பஸ்ஸுக்குப் போறாவளாம். ஏன், டவர் விடலியா?"

எத்தனை லட்சம் பேரிடம் சொன்ன வார்த்தை. வாய் தானாகவே திறந்தது.

"டவர் விட்டுதும்மா. ஒரு ப்ளேன்தான் போகலாம்னாங்க. நான்தான் அந்தமானை அனுப்பினேன்."

"அந்தச் சனம் எல்லாம் ஏறிட்டாவளா?" என்று கேட்டாள்.

"ஏறிட்டாங்க."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 29, சனி

கல்யாணத் திருப்பலி பத்து மணிக்கு. பத்து மணிக்கு மாப்பிள்ளை திருச்சிக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு பாலத்தருகே, தண்ணீர் வடிவதற்குக் காத்திருந்த பஸ்ஸில் இருந்தான்.

ஒரு மணிக்கு அக்கா. என் அக்கா பேசினால் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டுக் கவனிக்கும். இன்று மெதுவாகப் பேசினாள். அதைவிடப் பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"ஏல சூசை. ஆயிரம் பேருக்கு ஆக்கிருக்கு. சனம் வந்து உக்காந்தாச்சி. மாப்ள எங்கன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்? ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கட்டுமா?"

"அக்கா…"

"செவ்வாக்கெழமையே பஸ் ஏறுதேன்னானாம்லா அவன்? ஒன்கிட்டக் கேட்டானாம்லா?"

பிஸ்கட் உறையில் அச்சடித்திருந்ததை இரண்டு முறை படித்தேன்.

கல்யாணச் சாப்பாட்டைக் கல்யாணம் இல்லாமலே ஆயிரம் பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். பிரியாணி பிரமாதம் என்று மூன்று பேர் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். மாலையில் டெரன்ஸ் முழங்கால்வரை சேற்றோடு கோயில் வாசலில் போய் இறங்கியபோது, உள்ளே பீடத்துக்கு ஊதாத் துணி விரித்துக்கொண்டிருந்தார்களாம். கோயில் கணக்கில் சனி மாலையிலேயே திருவருகைக் காலம் வந்துவிட்டது.

நவம்பர் 30, ஞாயிறு

ஓடுபாதை முழுதாகத் திறந்தது. எங்களுடைய இரண்டு விமானங்கள் வர நேரமாகும் என்று தெரிந்ததும் அந்த ஸ்லாட்டுகளைக் காலையிலேயே விட்டுக்கொடுத்தேன். வரதன் எடுத்துக்கொண்டு, சந்தேகமாக என்னைப் பார்த்தான். மதியம் அவன் பங்குக்கு ஒன்று கொடுத்தான்.

சாலையில் தண்ணீர் வடிந்துவிட்டது. என்னை மாற்ற ஆள் வந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாமே சார் என்றார்கள். எனக்கு இங்கே ஏகப்பட்ட வேலை இருக்கிறது. என்ன வேலை என்று யோசித்துச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஜெனிட்டா பேசினாள். ஆயர் அனுமதி கொடுத்துவிட்டாராம். புதன்கிழமை காலை, பூசைக்கு அப்புறம், மேளம் இல்லை, பூ அலங்காரம் இல்லை, வீட்டு ஆட்கள் மட்டும். மாப்பிள்ளை அடுத்த வாரமே கப்பலுக்குப் போக வேண்டும்.

"சந்தோசமா இருக்கியாம்மா?"

"நான் பேண்டு வாத்தியமெல்லாம் பிடிச்சி வச்சிருந்தேன் மாமா." பிறகு, "சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும். நான் சாமியார்ட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

"அக்கா என்ன சொன்னா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. ஏர்போர்ட்டுக்கு உங்களக் கூப்பிட அம்மாவே வாராவளாம்."

என் அக்கா அவள் ஆயுளில் யாரையும் வரவேற்க விமான நிலையத்துக்குப் போனதில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

லேசான நெருக்கடி இன்னும் தீரவில்லை. எனக்கு நான்கு ஸ்லாட்டுகள். மிக நுணுக்கமாக, வேறு எந்த யோசனையும் இல்லாமல், கம்பெனியின் நலனை மட்டும் கருத்தில் கொண்டு வரிசைப்படுத்தினேன்: டெல்லி, மும்பை, ஐதராபாத், கடைசியில் தூத்துக்குடி. அதையும் யாருக்காவது வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம் என்று அடிக்குறிப்பு.

தமயந்தி என் வரிசையைப் பார்த்தார். "போன வாரம் பூரா இந்தத் தூத்துக்குடிக்காக உயிரை விட்டீங்க. இன்னைக்கு நீங்களே போற ஃப்ளைட்டு, அதைக் கடைசில போட்டிருக்கீங்க?"

"சின்ன விமானம் பாருங்க. காத்து…"

"காத்தா? கொடித்துணிகூட ஆடலை சார்."

"மேகம்…"

"ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் மேகமே இல்லை."

"தமயந்தி, ஒரு விண்ணப்பம். மத்தியானம் வரைக்கும் நீங்களா ஒரு தடை போட்டு இதை நிறுத்தி வைக்கணும். சரித்திரம் உங்களை வாழ்த்தும்."

அதற்குள் வரதன் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் பல். "கல்யாணத்துக்குப் போறீங்களா சார்? இந்தாங்க, என் முதல் ஸ்லாட்டை எடுத்துக்குங்க! ஞாயித்துக்கிழமை நீங்க எனக்குக் குடுத்ததுக்கு." தண்ணீர் வடிந்தபின் மேசைக்கு வந்து சேர்ந்திருந்த மற்ற கம்பெனிக்காரர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் இரண்டாவது இடத்துக்கு நகர்ந்துகொண்டார். இன்னொருவர் ஓடுபாதை வாசலில் நின்ற தன் விமானத்தை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். இத்தனை வருடம் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட கும்பல், கூட்டு மேசை என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

"எல்லாரும் ஒப்புக்கறாங்க. நீங்க?" என்றார் தமயந்தி.

இதை விமானத்துக்குள் இருந்து எழுதுகிறேன். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. அருகில் இருப்பவர் பெட்டியை மேலே வைத்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டார்கள். முன்னால் ஒரு விமானம்கூட இல்லை. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரமாக ஒரு விமானம் கிளம்பி நான் பார்த்ததே இல்லை.